தண்ணீர் குடிக்கத் துணியும் பிள்ளை



பள்ளிச் சுற்றுலா, மாவட்ட விளையாட்டுப் போட்டி, நாட்டு நலப்பணித் திட்டத்தின் 7 நாள் சிறப்பு முகாம், தேசிய மாணவர் படையின் 10 நாள் முகாம் என்று, பதின்வயதில் இருக்கும் நம் பிள்ளைகள் வீட்டை விட்டு வெளியே தங்க இன்று எத்தனையோ வாய்ப்புகள் வருகின்றன. பிள்ளை கிளம்புகிறது என்றால் இரண்டு நாள் முன்பே வீடு பரபரக்கத் தொடங்கிவிடும். புளியோதரையா சப்பாத்தியா, முறுக்கை எந்த டப்பாவில் போடுவது, ஸ்வெட்டர் போதுமா, போர்வையும் வேண்டுமா என்று பேச்சு ஓடும். செல்போன் சார்ஜரை யாரும் மறப்பதில்லை. வண்டி ஏற அரைமணி நேரம் இருக்கும்போதுதான் குளியலறை அலமாரியில் கைக்குக் கிடைத்த சோப்பும் பேஸ்டும் சீப்பும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் திணிக்கப்பட்டு, பெட்டியின் ஓரத்தில் செருகப்படுகின்றன. அந்தச் சின்னப் பையைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். இதில் ஒரு சொற்பொழிவுக்கு என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு என் வாதத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தப் பை அழகுக்காகவும் இல்லை, வாசனைக்காகவும் இல்லை. வெளியூரில் தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கவும், வியர்த்தால் உடை மாற்றவும், துணியில் ரத்தம் பட்டால் கழுவிக்கொள்ளவும், இதற்கெல்லாம் யாரிடமும் கையேந்தாமலும் யாருக்கும் காரணம் சொல்லாமலும் அந்தப் பிள்ளையால் முடிய வேண்டும். அதற்கு உதவும் பொருள் பைக்குள் போகட்டும். உதவாதது எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் வீட்டிலேயே இருக்கட்டும். எது உதவும் என்று யோசித்து எடுத்துவைக்க வேண்டியது அம்மா அல்ல, பிள்ளைதான்.

தண்ணீரிலிருந்து தொடங்குவோம். நெடுந்தூரப் பேருந்தில் போகும் பெண்பிள்ளைகள் பலர் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். ஆசிரியைகளுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, அவர்களில் பலரும் அதையேதான் செய்கிறார்கள். வழியில் வண்டி எங்கே நிற்கும், நின்றால் கழிப்பறை இருக்குமா, இருந்தால் தாழ்ப்பாள் இருக்குமா, தண்ணீர் வருமா என்று எதுவுமே நிச்சயமில்லாதபோது, குடிக்காமல் இருப்பதுதான் அவர்களுக்குக் கைவந்த ஒரே பாதுகாப்பு. உடம்பு அதற்கு விலை கொடுக்கிறது. பெண்களின் சிறுநீர்க்குழாய் சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆண்களுக்கு இருப்பதில் நான்கில் ஒரு பங்குகூட இருக்காது. கிருமி சிறுநீர்ப்பையை எட்ட அந்தக் குறுகிய தூரம் வசதியாகிவிடுகிறது. போதிய தண்ணீர் குடித்து அவ்வப்போது சிறுநீர் கழிப்பதுதான் கிருமியை வெளியேற்ற உடம்புக்குத் தெரிந்த வழி, நாமோ அதையே அடைத்துவிடுகிறோம். 2018-இல் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகவே சோதித்துப் பார்த்தது. சிறுநீர்த் தொற்று அடிக்கடி வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் பழக்கமுள்ள 140 பெண்களில் பாதிப் பேரை மட்டும் நாளுக்கு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டு முடிவில், வழக்கம்போலக் குடித்தவர்களுக்குச் சராசரியாக 3.2 முறை தொற்று வந்திருந்தது, கூடுதலாகக் குடித்தவர்களுக்கு 1.7 முறை. ஆய்வில் இருந்தவர்கள் வளர்ந்த பெண்கள், நம் பள்ளி மாணவியர் அல்லர் என்பது உண்மைதான். ஆனால் சிறுநீர்ப்பை இயங்கும் முறை பதினைந்து வயதில் ஒன்றாகவும் முப்பதில் வேறாகவும் இருப்பதில்லை. மே மாதத்துத் திருச்சி வெயிலில் பூட்டிய பேருந்துக்குள் எட்டு மணி நேரம் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு, ஆண் பெண் யாரானாலும், தண்ணீர்க் குறைவு வேறு தொல்லைகளையும் கொண்டுவரும். தலைவலி, வாந்தி, மயக்கம் என்று அடுக்கினால் பாதிச் சுற்றுலாக்களின் இரண்டாம் நாள் வரலாறு அதில் அடங்கிவிடும்.

அதனால் சின்னப் பைக்குள் முதலில் போக வேண்டியவை, மோசமான கழிப்பறையையும் பயன்படுத்தும்படி ஆக்கிக்கொடுக்கும் பொருள்கள். சீக்கிரம் உலரும் ரப்பர் செருப்பு, ஒரு கைத்துண்டு, பேப்பர் சோப்பு, கட்டணக் கழிப்பறைக்குச் சில ஐந்து ரூபாய், பத்து ரூபாய் நாணயங்கள். நாணயத்தைச் சுகாதாரப் பொருள் என்று யாரும் எழுதுவதில்லை. பேருந்து நிலையக் கழிப்பறை வாசலில் ஐந்நூறு ரூபாய் நோட்டோடு நிற்கும் பெண்ணுக்கு அது சோப்பை விடவும் அவசரம். அரை லிட்டர் பாட்டில் ஒன்று காலியாக இருந்தால், குவளை இல்லாத கழிப்பறையில் அதுவே குவளை. குடிப்பதற்குத் தனியாக ஒரு எவர்சில்வர் பாட்டில் வேண்டும். நீலகிரிக்குப் போகிறவர்களுக்கு இது கட்டாயமும்கூட. அங்கே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை, சோதனைச் சாவடியில் வாங்கி வைத்துவிடுவார்கள். பேப்பர் சோப்பைப் பற்றி ஒரு சின்ன எச்சரிக்கை. ஈரக்கையால் எடுத்தால் கட்டு முழுவதும் ஒன்றோடொன்று ஒட்டிப் பசையாகிவிடும். கழிப்பறைக்குள் நுழைவதற்கு முன்பே ஒரு தாளைக் கிழித்து உலர்ந்த இடத்தில் தயாராக வைத்துக்கொள்ள வேண்டும். வழியில் வரும் இந்த அவசரத்தைப் பற்றிப் பேசுவதற்கு இன்னும் கூச்சமாக இருப்பவர்கள், 1909-இல் ஓகில் சந்திர சென் என்ற பயணி ரயில்வே அதிகாரிக்கு எழுதிய கடிதத்தை நினைத்துக்கொள்ளலாம். வயிற்று அவசரத்துக்காக இறங்கியவரை விட்டுவிட்டு ரயில் போய்விட்டது என்று பெயர் போட்டுப் புகார் எழுதினார் அவர். அந்தக் கடிதம் டெல்லி ரயில் அருங்காட்சியகத்தில் இடம் பெற்றுவிட்டது. நூறாண்டுக்கு முன்பு அவருக்கு இருந்த துணிவில் பாதியாவது நமக்கு இருக்க வேண்டாமா?

இனிக் கை கழுவுவது. கொரோனா காலத்துக்குப் பிறகு, ஒரு சானிடைசர் பாட்டில் இருந்தால் சோப்பு வேண்டியதில்லை என்ற எண்ணம் பரவிவிட்டது. சானிடைசரில் குறைந்தது 60 விழுக்காடு ஆல்கஹால் இருந்தால், பார்வைக்குச் சுத்தமாக உள்ள கையில் அது நன்றாகவே வேலை செய்யும். மண்ணும் எண்ணெயும் படிந்த கையில் அவ்வளவாகச் செய்யாது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சில கிருமிகளிடம், குறிப்பாக நோரோ வைரஸிடம், அதன் பலம் குறைவு. பிள்ளைகள் போவதோ மைதானத்துக்கும் மலைக்கும் கடற்கரைக்கும். இன்னொன்று, அது எளிதில் தீப்பற்றும் திரவம், முகாமில் இரவு நெருப்பு மூட்டிச் சுற்றி உட்காரும் வழக்கமும் உண்டு. எனவே சானிடைசர் துணைக்கு இருக்கட்டும், தலைமை சோப்புக்குத்தான். அதுவும் சாதாரணச் சோப்பு. விளம்பரங்கள் சொல்லும் கிருமிநாசினிச் சோப்புக்குத் தனிச் சிறப்பு உண்டா என்பதை, கராச்சி நகரின் ஏழைக் குடியிருப்புகளில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று ஆராய்ந்தது. சோப்பும் கொடுத்துக் கை கழுவும் பழக்கத்தையும் ஏற்படுத்திய வீடுகளில், 15 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் வயிற்றுப்போக்கு பாதிக்கும் மேல் குறைந்தது. தோலில் வரும் சீழ்ப்புண்ணும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. சில வீடுகளுக்குக் கொடுத்தது கிருமிநாசினி கலந்த சோப்பு, சில வீடுகளுக்குச் சாதாரணச் சோப்பு. இரண்டுக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2016-இல், சாதாரணச் சோப்பை விடச் சிறந்தவை என்று நிரூபிக்கப்படவில்லை என்ற காரணத்தால், டிரைக்ளோசான் உட்பட 19 வேதிப்பொருள்களை வீட்டு உபயோகச் சோப்புகளில் சேர்க்கக் கூடாதென்று உத்தரவிட்டது. பையைக் கனமாக்குவதும் பர்ஸை இலேசாக்குவதும் பெரும்பாலும் இப்படிப்பட்ட கூடுதல் வாக்குறுதிகள்தான்.

குளிக்கிற சோப்பு கரையாமல் இருக்க, அடியில் துளையுள்ள டப்பா வேண்டும். தலைக்கு ஷாம்பு பாக்கெட் போதும். சொல்லப்போனால் இந்தப் பாக்கெட்டே நம் கடலூர் தந்த கொடை. பாட்டில் வாங்க முடியாதவர்களும் ஷாம்பு பயன்படுத்த வேண்டும் என்று அதைச் சிறு பாக்கெட்டில் அடைத்து விற்க முனைந்தவர் கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன். அவருடைய மகன் சி.கே.ரங்கநாதன் 1983-இல் தொடங்கிய 'சிக்' ஷாம்பு அந்த வழியை மூலைமுடுக்குக் கடைகள் வரை கொண்டுபோனது. ஏழையின் சௌகரியத்துக்காகப் பிறந்த அந்த அளவு பயணிக்கும் சரியாகப் பொருந்துகிறது. உப்புத் தண்ணீர் ஊர்களில் சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகப் போகும்போது ஷாம்பு கைகொடுக்கும். பாக்கெட் நசுங்கி உடைந்தால் பையே நாசமாகும் என்பதால் அதை ஒரு டப்பாவில் போட வேண்டும், வெறும் உறையை மலையிலோ ஆற்றிலோ விட்டுவிடாமல் திரும்பக் கொண்டுவர வேண்டும்.

இப்போது வியர்வைக்கு வருகிறேன். பெற்றோர்களும் பிள்ளைகளும் அதிகம் சண்டை போடும் இடமும் இதுதான், சந்தை அதிகம் நுழைந்திருக்கும் இடமும் இதுதான். பூப்பு வயதில்தான் அக்குளிலும் தொடை இடுக்கிலும் உள்ள ஒருவகை வியர்வைச் சுரப்பிகள் விழித்துக்கொள்கின்றன. அவை சுரக்கும்போது அந்த வியர்வைக்கு ஏறக்குறைய வாடையே கிடையாது. தோலில் வாழும் பாக்டீரியாக்கள் அதை உடைக்கும்போதுதான் நாற்றம் பிறக்கிறது. ஆகவே, பிள்ளையின் மேல் வாடை அடித்தால் அது சோம்பேறி என்றோ அழுக்கு என்றோ பொருள் இல்லை, வளர்கிறது என்று பொருள். அந்தப் பாக்டீரியாக்களைக் குறைப்பது குளியலும், துவைத்து உலர்ந்த துணியும். நறுமண ஸ்பிரே அந்த வேலையைச் செய்யாது, நாற்றத்தின் மேல் ஒரு வாசனையைப் போர்த்தும், அவ்வளவுதான். இருபது பேர் படுத்திருக்கும் அறையில் ஒருவர் அடிக்கும் ஸ்பிரே, வீசிங் உள்ள இன்னொருவருக்கு மூச்சுத் திணறலைக் கொண்டுவரலாம். வேண்டுமென்றால் தேய்த்துக்கொள்ளும் ரோல்-ஆன் ஒன்று போதும், அதையும் உலர்ந்த அக்குளில்தான் போட வேண்டும். பவுடரையும் இப்படியே சொல்வேன். வியர்த்த இடுக்கில் அது கட்டிதட்டி நிற்கும், புண்ணை ஆற்றாது. சிவப்பழகு க்ரீமுக்கு இந்தப் பையில் இடமே இல்லை. கேரளத்தின் மலப்புரம் மாவட்டத்தில், இனம் தெரியாத சிவப்பழகு க்ரீம்களைப் பூசியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு வந்ததை மருத்துவர்கள் கண்டறிந்த செய்தி 2023-இல் பரவலாக வெளிவந்ததே.

நான் அதிகம் கவலைப்படுவது நாற்றத்தைப் பற்றி அல்ல, ஈரத்தைப் பற்றி. படர்தாமரை இன்று இந்தியாவில் பழைய படர்தாமரையாக இல்லை. வழக்கமான மருந்துக்கு எளிதில் மசியாத புதுவகைப் பூஞ்சை ஒன்றை 2020-இல் ஆராய்ச்சியாளர்கள் இனங்கண்டபோது, இந்தியாவின் பெயரையும் சேர்த்து 'டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டீனியே' என்று பெயர் வைத்தார்கள். அது உடம்போடு உடம்பு பட்டும், துண்டு, உள்ளாடை வழியாகவும் பரவுகிறது. விடுதி, முகாம், விளையாட்டு அணி ஆகியவை அதற்கு நாம் விரித்துக்கொடுக்கும் பந்தி. ஒரு பையன் இறுக்கமான ஜீன்ஸோடு மூன்று நாள் சுற்றுகிறான், ஈர உள்ளாடையை அப்படியே சுருட்டிப் பைக்குள் போடுகிறான், நண்பனின் துண்டை வாங்கித் துவட்டிக்கொள்கிறான் என்றால் நான்காவது நாள் தொடை இடுக்கு அரிக்கத்தான் செய்யும். வெட்கத்தில் சொல்ல மாட்டான். யாரோ கொடுத்த களிம்பைத் தடவுவான். கேட்காமலே கிடைக்கும் பல கூட்டுக் களிம்புகளில் வீரியமான ஸ்டீராய்டு இருக்கிறது. அது இரண்டே நாளில் அரிப்பை அடக்கிவிடும், பூஞ்சையோ உள்ளே செழித்துப் பரவும். தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகள் போராடிய பிறகு, 2018-இல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டுப் பூச்சு மருந்துகள் பலவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. சட்டம் மருந்துக்கடை வாசல் வரைதான் வரும். பைக்குள் யாரோ போட்டுக்கொடுத்த பாதி ட்யூபை எடுத்து வெளியே வைக்க வேண்டியவர்கள் நாம்தான்.

இதற்கு மாற்று என்ன? நாளுக்கு ஒன்று வீதம் பருத்தி உள்ளாடை, அதற்கு மேல் இரண்டு கூடுதலாக. ஈரத் துணிக்குத் தனிப் பை. இதோடு ஈரோட்டுப் பருத்தித் துண்டு ஒன்று. டர்க்கி டவல் மெத்தென்று இருக்கும், படத்துக்கு அழகாக இருக்கும். ஆனால் கொடைக்கானல் குளிரிலோ மழைக்கால முகாமிலோ அது இரண்டு நாளானாலும் உலராது. மெல்லிய துண்டு பேருந்து சன்னலோரத்திலேயே உலர்ந்துவிடும். தாத்தாக்கள் தோளில் போட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போன துண்டுக்கு அறிவியல் காரணம் தேடி அலைய வேண்டாம், மெலிசு, உலரும், அவ்வளவே. துணி காயப்போட இரண்டு முழக் கயிறும் நான்கு கிளிப்பும் சேர்த்தால் இன்னும் நல்லது.

மாதவிடாய்க்கு வருகிறேன், இதில் சற்று நிதானிக்க வேண்டும். தமிழ்நாடு இந்த விஷயத்தில் நெடுந்தூரம் வந்திருக்கிறது. 10 முதல் 19 வயதுப் பெண்பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் வழங்கும் 'புதுயுகம்' திட்டம் 2011-இல் அறிவிக்கப்பட்டது. குறைந்த விலை நாப்கின் எந்திரம் செய்த கோயம்புத்தூர் அருணாசலம் முருகானந்தத்துக்கு 2016-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. 2018 ஜூலையில் நாப்கினுக்கு இருந்த 12 விழுக்காடு ஜிஎஸ்டி நீக்கப்பட்டது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 24 வயதுப் பெண்களில் மாதவிடாய்க்குச் சுகாதாரமான முறையைப் பயன்படுத்துவோர் இந்தியாவில் 78 விழுக்காட்டை ஒட்டி, தமிழ்நாட்டிலோ 98-ஐ ஒட்டி. அப்படியானால் சிக்கல் தீர்ந்துவிட்டதா? நாப்கின் வந்து சேர்ந்துவிட்டது. அதை மாற்றும் இடமும், போடும் இடமும், சொல்லும் வாயும் இன்னும் வந்து சேரவில்லை. இவை மூன்றும் இல்லாமல்போவது வீட்டில் இருப்பதைவிடப் பயணத்தில்தான் அதிகம்.

'தேதி இன்னும் வரவில்லை' என்ற கணக்கை நம்பக் கூடாது. வயதுக்கு வந்த முதல் இரண்டு ஆண்டுகளில் சுழற்சி ஒழுங்குக்கு வந்திருக்காது, பயணத்தின் அலைச்சலில் இன்னும் முன்பின் ஆகலாம். இன்னும் பூப்பெய்தாத பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் அந்த முதல் நாள் மகாபலிபுரத்தில் வரலாம், அது வீட்டைப் பார்த்து வருவதில்லை. ஆகவே தேதி எதுவானாலும் ஒவ்வொரு பெண்பிள்ளையின் பையிலும் இரண்டு நாப்கின், ஒரு மாற்று உள்ளாடை. தேதி நெருங்கினால் நான்கு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒன்று என்று கணக்கிட்டு, நாளுக்கு நான்கைந்து. சுற்றிப் போடப் பழைய செய்தித்தாளை அளவாகக் கிழித்து வைத்துக்கொள்ள வேண்டும். குப்பைத் தொட்டி இல்லாத இடத்தில் அடுத்த நிறுத்தம் வரை வைத்திருக்க, மூடி இறுகும் உறை ஒன்று. ரயிலில் இதைக் கட்டாயம் சொல்லி அனுப்ப வேண்டும். இன்றைய பெட்டிகளில் இருப்பது பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டிஆர்டிஓவும் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கிய உயிரிக் கழிப்பறை. பாக்டீரியாவைக் கொண்டு கழிவைச் சிதைப்பது அது. அதில் நாப்கினையோ பாட்டிலையோ போட்டால் அடைத்துக்கொள்ளும், பெட்டியில் இருக்கும் அத்தனை பெண்களுக்கும் கதவு மூடப்பட்டதாகிவிடும். மாதவிடாய்க் கோப்பை நல்ல பொருள். ஆலப்புழை நகராட்சி எச்எல்எல் நிறுவனத்தோடு சேர்ந்து 2019-இல் ஐயாயிரம் பெண்களுக்கு அதைக் கொடுத்துப் பழக்கியது. ஆனால் அதைப் பழகுவதற்குப் பயணம் ஏற்ற நேரம் அல்ல, வீட்டில் இரண்டு மூன்று சுழற்சி பழகிய பிறகு எடுத்துச் செல்லலாம். இன்னொரு பழக்கத்தை வெளிப்படையாகவே கண்டிக்க விரும்புகிறேன். கோயில் சுற்றுலாவா, போட்டியா, 'தள்ளிப்போடுற மாத்திரை' வாங்கிக் கொடுத்துவிடுவோம் என்கிறார்கள். அது ஹார்மோன் மருந்து. மருத்துவர் பார்த்து எழுதிக் கொடுக்காமல், பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள் என்று பதின்வயதுப் பிள்ளைக்குக் கொடுக்கும் பொருளல்ல.

பையன்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்பார்கள். பையில் நாப்கின் வைத்துக்கொள்ளச் சொல்லவில்லை. 'அவசரமா வண்டிய நிறுத்தணும்' என்று ஒரு பெண் சொன்னால் 'ஏன், எதுக்கு' என்று பேருந்து முழுவதும் திரும்பிப் பார்க்காமல் இருக்கும் அளவுக்கு அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த அறிவு இல்லாத பேருந்தில் பெண்பிள்ளையின் பையில் எல்லாம் இருந்தும் பயனில்லை, அவள் எழுந்திருக்கவே மாட்டாள்.

மற்றவற்றை விரைவாகச் சொல்லிவிடலாம். ஃபுளோரைடு உள்ள பேஸ்ட் சின்ன ட்யூபில். பிரஷ் ஈரத்தோடு மூடிக்குள் அடைபட்டால் கிருமி வளரும் என்பதால் தங்கும் இடம் சேர்ந்ததும் திறந்து நிறுத்தி வைக்க வேண்டும். நகவெட்டி, சீப்பு, பேன்சீப்பு. முகம் மழிக்கத் தொடங்கிய பையனுக்குச் சொந்த ரேஸர். ரேஸரைக் கடன் வாங்குவது ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களுக்கு வழிவிடக்கூடும். விமானம் என்றால் கைப்பையில் பிளேடும் கத்திரியும் போகாது, வெளிநாட்டுப் பயணத்தில் திரவங்கள் 100 மில்லிக்கு மேற்படாத பாட்டிலில் இருக்க வேண்டும்.

இனி மறுப்புகள். 'அங்கே கடை இருக்காதா, வாங்கிக்கொள்ளட்டுமே' என்பது முதலாவது. கடை இருக்கும். இரவு இரண்டு மணிக்கு நெடுஞ்சாலையில் திறந்திருக்காது. பகலிலும் அது கடை இருப்பதைப் பற்றிய கேள்வி இல்லை. நாற்பது பேர் உள்ள குழுவில், உடற்கல்வி ஆசிரியர் ஆணாக இருக்கும்போது, வண்டியை மருந்துக்கடையில் நிறுத்தச் சொல்லும் வாய் பதினான்கு வயதில் வந்துவிடுமா? பை அந்தக் கேள்வியைத் தேவையற்றதாக்கிவிடுகிறது.

இரண்டாவது மறுப்பு வயதானவர்களிடமிருந்து வரும். 'எங்கள் காலத்தில் ஒரு துண்டும் ஒரு துண்டுச் சோப்பும், ஊரே சுற்றினோம்.' சுற்றியவர்கள் யார் என்று பார்க்க வேண்டும். பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். வயதுக்கு வந்த பெண்ணை அன்று ஊர் சுற்ற அனுப்பவே இல்லை, எனவே அவளுக்குப் பை தேவைப்படவும் இல்லை. இன்று அவள் மாநிலப் போட்டியில் ஓடுகிறாள், அறிவியல் கண்காட்சிக்கு டெல்லி போகிறாள். ஆனால் துண்டைப் பற்றி அந்தப் பெரியவர்கள் சொல்வது சரி என்பதை முன்பே ஒப்புக்கொண்டுவிட்டேன்.

செலவு என்பது மூன்றாவது, எளிதில் ஒதுக்க முடியாத மறுப்பு. நான் சொன்னவற்றில் பாதி வீட்டில் இருப்பவை: பழைய துண்டு, செய்தித்தாள், காலி பாட்டில், கயிறு. மீதிக்கும் இயலாத வீடுகள் உண்டு. அங்கே பொறுப்பு பள்ளிக்கு வருகிறது. நாப்கின், சோப்பு, புது பிரஷ் சில, இரண்டு மூன்று அளவில் உள்ளாடை ஆகியவற்றைப் போட்டு ஒரு பொதுப்பெட்டி உடன்வரும் ஆசிரியையிடம் இருக்க வேண்டும். யார் எடுத்தார்கள் என்று எழுதும் நோட்டு வேண்டாம். பிள்ளைகளுக்குள்ளும் சோப்புத் தாளும் நாப்கினும் தாராளமாகக் கைமாறட்டும். துண்டு, ரேஸர், சீப்பு, உள்ளாடை மட்டும் நட்புக்கு அப்பாற்பட்டவை.

கடைசி மறுப்புதான் வலுவானது. 'அவனிடம் விட்டால் பாதியை மறந்துவிடுவான். நானே எடுத்து வைத்துவிட்டால் நிம்மதி.' மறப்பான், உண்மை. ஆனால் அம்மா வைத்த பையில் என்ன இருக்கிறது என்று பிள்ளைக்குத் தெரியாது. உள்ளறை ஜிப்பில் மறைத்து வைத்த நாப்கின் அப்படியே திரும்பி வருவதும், சோப்பு உறை பிரிக்கப்படாமல் வருவதும் எத்தனை வீடுகளில் நடக்கிறது! தன் கையால் எடுத்து வைக்கும்போதுதான், 'இது எதற்கு, எத்தனை வேண்டும், ஈரத் துணியை எங்கே போடுவேன்' என்ற கேள்விகள் அந்த மண்டைக்குள் எழும். அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் பெற்றோர் வேலை. நேரடியாகக் கேட்கத் தயங்கும் வயது அது. துணியும் சோப்பும் நடுவில் பரப்பிக் கிடக்கும்போது பேச்சு தானாக வரும், அப்பாவுக்கும் மகனுக்கும்கூட. மறதிக்கு மருந்து, முதலில் அத்தை வீட்டுக்கு ஒரு ராத்திரி அனுப்புவது. அங்கே பிரஷ்ஷை மறந்தால் பெரிய இழப்பில்லை, பத்து நாள் முகாமில் மறக்காது. நீங்கள் செய்ய வேண்டியது, கிளம்புவதற்கு முந்தைய நாள் இரவு, 'இப்போது பேருந்து நடுவழியில் நிற்கிறது, உனக்கு அவசரம், என்ன எடுப்பாய்?' என்று ஒரே ஒரு கேள்வி கேட்பது. பிள்ளையின் கை தயங்காமல் சரியான ஜிப்புக்குப் போனால் போதும்.

இத்தனையும் பிள்ளையின் தோளில் ஏற்றிவிட்டு நாம் தப்பித்துக்கொள்ளவும் கூடாது. எவ்வளவு சிறந்த பையும் இல்லாத கழிப்பறையை உண்டாக்கிவிடாது. தலைமை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். சுற்றுலாச் சுற்றறிக்கையில் கட்டணமும் தேதியும் புறப்படும் நேரமும் அச்சிடுகிறீர்கள். அதோடு வண்டி எந்தெந்த ஊரில் நிற்கும், அங்கே தண்ணீர் வரும் கழிப்பறை இருக்கிறதா, பெண்பிள்ளைகள் அணுக வேண்டிய ஆசிரியை யார் என்ற மூன்று வரிகளையும் சேருங்கள். போகும் இடங்களுக்கு முன்கூட்டியே போன் போட்டு விசாரித்தால் இந்த விவரம் கிடைத்துவிடும். அடுத்த சுற்றறிக்கையிலிருந்தே இதைத் தொடங்குங்கள்.